ஜாமெட்ரி பாக்ஸோடு ஹம்ப்தா கணவாய்

முதல் நாள், மணாலி

கோவில்பட்டியிலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லிக்கு ஒன்றரை நாள் ரயில், அப்புறம் ராத்திரி முழுக்க மலைப்பாதையில் உலுக்கி எடுத்த பஸ். இன்று காலை மணாலி வந்து சேர்ந்தோம். கூட வந்திருப்பது என் அண்ணன் மகன், வயது இருபத்திரண்டு, மலையில் டென்ட் போட்டுத் தங்குவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. நாளை ஜோப்ராவிலிருந்து நடை ஆரம்பம். குல்லு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, பீர் பஞ்சால் தொடரில் சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஹம்ப்தா கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் லாஹௌலில் இறங்க வேண்டும். மேலே சிக்னல் கிடைக்காது. ராத்திரி ராத்திரி நோட்டில் எழுதி வைத்து, திரும்பி வந்ததும் நாளுக்கு ஒரு பதிவாகப் போடுவதாகத் திட்டம்.

அறையில் பையைக் கொட்டி அடுக்கும்போது மருமகன் என் பழைய ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்து பார்த்தான். "அத்தை, இதுல காம்பஸையே காணோம், பாதி மெழுகுவர்த்திதான் இருக்கு" என்றான். ஆமாம், அதுதான் என் ரிப்பேர் பெட்டி. பாதி மெழுகுவர்த்தி, இரண்டு சாக்கு ஊசி, ஒரு சின்ன ஊசி, பல் இடுக்கு சுத்தம் செய்கிற மெழுகு பூசிய நைலான் நூல் ஒரு சுருள், ஏழெட்டு ஊக்கு, பழைய சைக்கிள் ட்யூபைக் குறுக்காக வெட்டிய வளையங்கள், நீளமாக வெட்டிய இரண்டு பட்டை, காம்பு நறுக்கிய டூத் பிரஷ், கண் மருந்து பாட்டிலில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் ஸ்பிரிட், பாலியூரிதேன் பசை ஒரு ட்யூப், ஸ்டவ் பின், ஒரு பிளேடு. டக்ட் டேப்பை, அதாவது துணி வைத்த பலமான ஒட்டு டேப்பை, உருளையாகக் கொண்டு வருவதில்லை, கைத்தடியில் இரண்டு மீட்டர் சுற்றி வைத்திருக்கிறேன்.

அப்பா தையல்காரர். கோவில்பட்டியில் சின்னக் கடை. ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருந்த அந்தக் கடையில் ஒரு பொருளுக்கு ஒரு வேலை என்று எதுவுமே கிடையாது, மெழுகு ஜிப்புக்கும் தேய்க்கும், நூலுக்கும் தேய்க்கும், கரண்ட் போனால் வெளிச்சத்துக்கும் ஆகும். இரண்டு வேலையாவது செய்யாத எதையும் இந்தப் பெட்டிக்குள் விடக் கூடாது என்ற என் கணக்கு அங்கே கற்றதுதான். என் டென்ட் 2015இல் வாங்கியது. இன்னும் ஓடுகிறது என்றால் அதற்கு இந்தப் பெட்டிதான் காரணம்.

இரண்டாம் நாள், ஜோப்ரா, சீக்கா

மணாலியிலிருந்து ஜீப்பில், நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஜோப்ரா. அங்கிருந்து தேவதாரு மரங்களுக்கு நடுவே ஆற்றை ஒட்டி நடந்தால் சீக்கா. நடை குறைவு, மழை அதிகம். ஜூலையில் குல்லு பக்கம் மழை விடாது, கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் வறண்ட நாடு.

டென்ட் போட்டு முடித்து உள்ளே நுழைந்து வாசலை மூடப் போனால் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மருமகன் பலமாக இழுத்தான். "டேய், இழுக்காதே" என்று கையைப் பிடித்தேன், ஏனென்றால் ஜிப் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு இழுப்பில்தான். டார்ச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பற்களுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு, அதில் ஒரு புல் இதழ் மாட்டிக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர் தொட்ட பிரஷால் பற்களை மேலிருந்து கீழாக நீவி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் துடைத்தேன். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் மெழுகுவர்த்தியின் ஓரத்தைப் பற்கள் மேல் இரண்டு தடவை ஓட்டி, ரன்னரை மெதுவாக ஏற்றி இறக்கினேன். நான்காவது தடவை சர்ரென்று ஓடியது. சேறு இருக்கும்போதே மெழுகு தேய்த்தால் சேறும் மெழுகும் சேர்ந்து பசையாகிவிடும், அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. தேங்காய் எண்ணெயை ஜிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு வழுக்கும், மறுநாள் தூசி அத்தனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மேலே ஒரு சாண் தூரம் மட்டும் ரன்னர் போன பிறகும் பற்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அது பல்லின் குற்றமில்லை, ரன்னர் தேய்ந்து அதன் வாய் அகன்றுவிட்டது. வழிகாட்டியிடம் குறடு இருந்தது. ரன்னரின் பின்பக்கம், இரண்டு ஓரத்தையும் மாற்றி மாற்றி, நகக்கண் அளவு அழுத்தம் கொடுத்து நெருக்கினேன். ஒரே அழுத்தாக அழுத்தினால் அந்த வார்ப்பு உலோகம் பட்டென்று உடைந்துவிடும். அப்பா இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார், எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

மழை விடாமல் பெய்ததால் ராத்திரி பேச்சு டக்ட் டேப் பக்கம் போனது. 1943இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தோட்டாத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வெஸ்டா ஸ்டவுட் என்ற அம்மா, பெட்டிகளை ஒட்டிய காகித டேப் பிரிக்கும்போது கிழிந்துபோவதைப் பார்த்து, துணியால் ஆன, தண்ணீர் புகாத டேப் போடலாமே என்று மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் காரியத்தை நகர்த்தவில்லை. அவருடைய பிள்ளைகள் கடற்படையில் இருந்தார்கள். போர்முனையில் ஒரு பெட்டியைத் திறக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்ற கவலையில் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதிவிட்டார், டேப்பும் வந்துவிட்டது. நாள் முழுக்கக் கையால் வேலை செய்கிறவர் கண்ணில் பட்ட குறை அது. எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாம் நாள், பாலு கா கேரா

ஜ்வாரா புல்வெளி தாண்டி, ஓடைகளைக் கடந்து சுமார் 3,600 மீட்டர். பாலு என்றால் இந்தியில் மணல், பெயருக்கு ஏற்ற மாதிரி ஆறு பரந்து கிடக்கிற மணல் திட்டு. வழியெங்கும் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள். மழை மதியம் நின்றது.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மருமகன் என்னை எழுப்பி, "அத்தை, என் மெத்தை செத்துப்போச்சு" என்றான். காற்றடைக்கிற மெத்தை தரையோடு ஒட்டிக் கிடந்தது. மலையில் மெத்தை சொகுசுக்காக இல்லை. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடம்பு எடையில் நசுங்கிவிடும், அப்புறம் தரைக் குளிரைத் தடுக்க மெத்தை மட்டும்தான் மிச்சம். இரண்டு பையையும் காலி செய்து, கயிறு, மழைக்கோட்டு, எல்லாவற்றையும் அவனுக்கு அடியில் விரித்து அந்த ராத்திரியை ஓட்டினோம்.

இன்று வந்து சேர்ந்ததும் முதல் வேலை ஓட்டையைக் கண்டுபிடிப்பது. மெத்தையைக் கல்லு மாதிரி ஊதி, சோப்பு நுரையைத் தண்ணீரில் கலந்து பகுதி பகுதியாகத் தடவினோம். தையல் ஓரங்களிலும் வால்வு பக்கமும் ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் நடுவில், மீன் கண் அளவுக்கு ஒரு குமிழி வந்தது, உடைந்தது, அதே இடத்தில் திரும்ப வந்தது. முள் குத்திய இடம். உடனே பேனாவால் வட்டம் போடச் சொன்னேன், துடைத்துவிட்டால் திரும்பத் தேடணும்.

சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் இதற்குப் போதாதா என்று கேட்டான். வீட்டில் பழைய மெத்தையில் போட்டுப் பார்த்திருக்கிறேன், இரண்டு நாளில் உரிந்து வந்துவிட்டது. அது ரப்பரோடு ரப்பரைச் சேர்க்கிற மருந்து, இந்த மெத்தை ரப்பர் இல்லை. சரியான வைத்தியம் பாலியூரிதேன் பசை. ஆனால் அது காய ஒரு ராத்திரியாவது ஆகும், இன்றைக்குப் படுக்கணுமே. அதனால் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டக்ட் டேப்பில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துண்டை மூலைகள் வட்டமாக வரும்படி வெட்டி ஒட்டினேன். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். காற்று இறக்கிய மெத்தையில் ஒட்டி, கைச்சூட்டில் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்தோம். பசை வைப்பதை நாளை மறுநாள் சத்ரு முகாமில் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் நாள், கணவாய், ஷியா கோரு

காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். ஏற்றம் மூச்சை வாங்கியது, கடைசி நானூறு மீட்டரில் பனி. கணவாயில் நின்றபோது பின்னால் மேகமும் பச்சையும், முன்னால் நீலமும் மண் நிறமும், ஒரே முகடு இரண்டு தேசத்தைப் பிரித்து வைத்த மாதிரி. படம் எடுத்தோம், பேரீச்சம்பழம் தின்றோம், குளிரில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

இறங்கும்போது புனேயிலிருந்து வந்த ஒரு பெண் பாறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வலது ஷூவின் அடிப்பாகம் முன்னாலிருந்து பாதி வரை வாய் திறந்து தொங்கியது. நல்ல ஷூதான், நான்கு வருஷமாகப் பரணில் பெட்டிக்குள்ளேயே இருந்ததாம். புதுசு மாதிரி இருக்கிறதே என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இது பலருக்கும் நடக்கிறது. ஷூவின் நடு அடுக்கு பல மாடல்களில் பாலியூரிதேன் நுரை, காற்றில் இருக்கிற ஈரமே அதை வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உடைத்துவிடும். நடந்தாலும் உடையும், நடக்காமல் பெட்டியில் வைத்தாலும் உடையும். விரலால் கிள்ளிப் பார்த்தேன், பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. உதிர்கிற பொருளில் எந்தப் பசையும் நிற்காது.

கட்டுவது ஒன்றுதான் வழி. டேப்பை மட்டும் அடியில் சுற்றினால் கல்லில் அரை மணி நேரத்தில் தேய்ந்து கந்தலாகிவிடும். சைக்கிள் ட்யூப் பட்டையை எடுத்து, அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்து, விரல் பக்கம் இறுக்கமாக இரண்டு சுற்று, அங்கிருந்து மேலே குறுக்காக ஏற்றி கணுக்காலுக்குப் பின்னால் கொண்டு போய், திரும்ப முன்னால் இறக்கி ஒரு சுற்று, முடிச்சைப் பக்கவாட்டில் போட்டேன். முடிச்சு அடியில் வந்தால் மிதித்து மிதித்து அறுந்துபோகும், மேலே வந்தால் ரத்த ஓட்டத்தை அழுத்தும். முடிச்சின் மேல் மட்டும் டேப். எழுந்து நாலு அடி வைத்துப் பார்த்துவிட்டு, ரப்பர் பனியில் வழுக்காமல் பிடிக்கிறது என்று சிரித்தார். ஷியா கோரு வரைக்கும் இரண்டு தடவை இறுக்கினோம், அவ்வளவுதான். வீணாகப் போகிற ட்யூப், எடை ஒன்றுமே இல்லை, இழுத்தால் நீளும், விட்டால் பிடிக்கும். இந்தப் பெட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துப் போகலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஷியா கோரு ஓடையைக் காலையில்தான் கடக்க வேண்டும், வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் ஏறும். எங்கள் ஷூக்கள் பனியிலேயே நனைந்துவிட்டன. உள்ளங்காலட்டையை உருவித் தனியாக வைத்து, பொருள் சுற்றிக்கொண்டு வந்த தினத்தந்தியைக் கசக்கி உள்ளே அடைத்தோம், ஒரு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று ஆனதும் மாற்று. வழிகாட்டியின் அடுப்புப் பக்கம் வைக்கலாம் என்று மருமகன் சொன்னான். கூடவே கூடாது, சூட்டில் ஷூவின் பசை இளகிவிடும், இன்றைக்கு ஒரு வாய் பிளந்த ஷூவைப் பார்த்தது போதாதா.

ஐந்தாம் நாள், சத்ரு

காலையில் ஓடை. முழங்கால் ஆழம்தான், ஆனால் பத்து அடி போவதற்குள் கால் நம்முடையதே இல்லை என்று ஆகிவிட்டது. இறக்கம் முடிந்து சந்திரா நதிக்கரையில் சத்ரு, சுமார் 3,300 மீட்டர். நல்ல வெயில். மதியமே வந்துவிட்டதால் ரிப்பேர் கச்சேரி.

மெத்தையில் டேப்பை உரித்தோம், பிசுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் அது கரைந்தது, எண்ணெய் போக ஸ்பிரிட்டால் இரண்டு தடவை துடைத்தாயிற்று. பசையை ஒரு துளி வைத்து ஊக்கின் முனையால் ஓட்டைக்குள் தள்ளி, சுற்றிலும் ஒரு விரல் அகலம் பரப்பி, சமதளமாகப் போட்டாயிற்று. அதே ட்யூபில் மிச்சத்தை டென்ட் கூரையில் கசிந்த ஒரு தையல் ஓரத்துக்குத் தடவினேன். என் டென்ட்டின் பூச்சு பாலியூரிதேன், அதனால் இது ஒட்டுகிறது. சிலிகான் பூசிய டென்ட் வைத்திருப்பவர்கள் சிலிகான் பசைதான் வாங்க வேண்டும், அதில் வேறு எதுவும் ஒட்டாது, டக்ட் டேப்கூட வழுக்கிவிடும். மெத்தை காயும் வரை இன்றைக்கு ராத்திரி இருவருக்கும் என் மெத்தைதான், குறுக்கே போட்டு முதுகுக்கு மட்டும்.

மருமகன் பையின் தோள்பட்டை, பையோடு சேருகிற இடத்தில் பிய்ந்திருந்தது. சாக்கு ஊசியில் அந்தப் பல் நூலைக் கோத்து அவனையே தைக்க வைத்தேன். ஊசி ஒரு நெல் நீளம் முன்னே போய் அரை நெல் பின்னே வந்து குத்தணும், அப்போதுதான் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்து நிற்கும். பழைய தையல் துளைகளிலேயே குத்தாதே, அந்தத் துணி ஏற்கனவே களைத்திருக்கும், தள்ளிக் குத்து என்று அப்பா என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும், இந்த நைலான் நூல் இறாது. மெழுகு பூசியதாகப் பார்த்து வாங்கணும், சில வகை வழவழவென்று இருக்கும், முடிச்சு நிற்காது. ஊசி உள்ளே போகாத தடித்த இடத்தில் கல்லை வைத்துத் தள்ளினான். வரிசை கோணல்தான், ஆனால் பையைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை.

சாயங்காலம் வழிகாட்டியின் மண்ணெண்ணெய் ஸ்டவ் பம்ப் ஆகவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் வருவதற்கு முன் இந்த மாதிரி பம்ப் ஸ்டவ்வில்தான் சமையல், அதனால் தண்டை உருவிப் பார்க்காமலேயே தெரிந்தது. உள்ளே இருக்கிற தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் வெள்ளைக் கட்டியாக உறைந்துபோயிருந்தது, பாட்டிலை அக்குளில் வைத்து உருக்கினேன். இரண்டு சொட்டு விட்டு, வாஷரின் ஓரத்தை விரலால் விரித்து விரித்துப் பிசைந்ததும் தோல் கறுத்து மெத்தென்று ஆனது. திருப்பிப் போட்டால் கும் கும்மென்று காற்று ஏறியது. துளை அடைப்புக்கு ஸ்டவ் பின். நீலச் சுவாலை வந்ததும் வழிகாட்டி என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

ஆறாம் நாள், சந்திரதால்

சத்ருவிலிருந்து பாதல் வழியாக வண்டியில். பாதை என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை, கற்களும் ஓடைகளும்தான். சந்திரதால் ஏரி சுமார் 4,250 மீட்டரில், 2005இலிருந்து ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிட்ட ஈரநிலம். கரையில் டென்ட் போடத் தடை, சில கிலோமீட்டர் தள்ளித்தான் முகாம், அது சரியான ஏற்பாடு. தண்ணீரின் நிறத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

மாலையில் காற்று பிடித்தது. டென்ட்டின் ஒரு கம்பி, இணைப்புக்குப் பக்கத்தில் நெடுக்காக விரிந்துவிட்டது. விட்டால் கூர் முனை துணியைக் கிழிக்கும். ஒரு டென்ட் முளையை வளைவுக்கு வெளிப்பக்கமாகச் சேர்த்து வைத்து, சைக்கிள் ட்யூப் வளையம் இரண்டைப் போட்டு நிறுத்தி, அதன் மேல் டேப்பை இறுக்கிச் சுற்றினோம். ட்யூப் முதலில், டேப் பிறகு, ஏனென்றால் குளிரில் டேப்பின் பசை மட்டும் நம்ப முடியாது. மிச்ச வளையங்களை இழுகயிறுகளின் நடுவில் கோத்துவிட்டேன், காற்று அடிக்கும்போது அதிர்ச்சி துணிக்குப் போகாமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

டீ போடலாம் என்றால் எங்கள் கேஸ் அடுப்பின் பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் பொறி வரவில்லை, இந்த உயரத்தில் அந்தப் பொத்தான் பல சமயம் கைவிட்டுவிடும். கோவில்பட்டித் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சிகளின் தலையை வீட்டிலேயே உருக்கிய மெழுகில் முக்கி, இரட்டைப் பாலித்தீனில் போட்டு வந்திருந்தேன், நகத்தால் மெழுகைச் சுரண்டிவிட்டு உரசியதும் முதல் குச்சியே பிடித்தது. தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த தெருவில் பிறந்தவளுக்கு அந்த ஒரு உரசலில் ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

ஏழாம் நாள், மணாலி

கோக்சார் வழியாக வந்து அடல் சுரங்கத்துக்குள் நுழைந்தோம். 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தது. உள்ளே போகும்போது வெயில், வெளியே வந்தால் மணாலிப் பக்கம் அதே மழை.

விடுதி வராந்தாவில் கயிறு கட்டி டென்ட்டை விரித்திருக்கிறோம். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும், நாற்றமும் போகாது. வெயிலிலும் நாள் கணக்கில் போடக் கூடாது, நைலானை வெயில் தின்றுவிடும். நிழலும் காற்றும்தான் அதற்கு நல்லது. ஸ்லீப்பிங் பேக்குகளை அந்தக் குட்டிப் பையிலிருந்து எடுத்துத் தளர்வாக விட்டாயிற்று, ஊர் போனதும் பழைய தலையணை உறைக்குள் போகும். மெத்தை நேற்று ராத்திரி முழுக்க நின்றது, விடிந்து பார்த்தபோதும் கல்லு மாதிரிதான்.

மருமகன் மதியம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு நனைந்துகொண்டே வந்தான். கையில் ஒரு புது ஜாமெட்ரி பாக்ஸ், காம்பஸையும் அளவுகோலையும் விடுதிக்காரரின் மகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியை என் முன்னால் வைத்தான். சைக்கிள் கடையில் பழைய ட்யூப் கேட்டானாம், கடைக்காரர் காசு வாங்காமல் ஒரு முழு ட்யூபையே கொடுத்துவிட்டார். அதைப் பிளேடால் வளையம் வளையமாக வெட்டிக்கொண்டிருக்கிறான். நான் என் மெழுகுவர்த்தியை இரண்டாக உடைத்து, திரி நீளமாக இருந்த பாதியை அவன் பெட்டியில் வைத்தேன்.